வாழைப்பழத்தில் மொய்க்கும் சின்னக் கொசு எங்கிருந்து வருகிறது?

வீரவநல்லூரிலிருந்து ஒரு வாசகர் கேட்டது, ஜூன் 19, 2023

சந்தையிலிருந்து வரும் பழம், தக்காளி எல்லாவற்றையும் உப்புத் தண்ணீரில் கழுவித்தான் வைக்கிறேன். அப்படியும் மூன்றாம் நாள் சீப்பைத் தொட்டால் சின்னச் சின்னக் கொசு கூட்டமாக எழும்புகிறது. பழத்துக்குள்ளேயே உண்டாகிறதா? ஃப்ரிட்ஜில் வைத்தால் வாழைப்பழம் கறுக்கிறது. அம்மாவுக்கு எண்பது வயது, ராத்திரி ஒரு பழம் இல்லாமல் படுக்க மாட்டார்கள். அடுக்களையில் மருந்து அடிக்க எனக்கு மனம் இல்லை. வழி இருந்தால் சொல்லுங்கள்.

ஜூன் 19, 2023, இரவு

கழுவுவதில் தப்பில்லை. கழுவியதைத் துடைக்காமல் பிளாஸ்டிக் கூடையில் குவிப்பதுதான் வினை. சீப்பில் காம்புகள் எல்லாம் சேரும் இடத்தில் தண்ணீர் தேங்கினால் ஒரே ராத்திரியில் நைந்து புளிக்க ஆரம்பிக்கும். பழ ஈ என்று சொல்லும் இந்தக் கொசு தேடி வருவது அந்தப் புளிப்பைத்தான். புளிக்கும் இடத்தில் பெருகும் ஈஸ்ட்தான் அதற்கும் அதன் புழுவுக்கும் முக்கியமான சாப்பாடு.

தானாக உண்டாகாது. முட்டையிலிருந்துதான் வரும். முட்டை அரை மில்லிமீட்டர் நீளம்தான், வெறும் கண்ணால் பிடிப்பது கஷ்டம். ஒரு பெண் கொசு நானூறு முட்டை வரைகூட இடும். 25 டிகிரி வெப்பத்தில் ஒரு நாளில் முட்டை பொரியும். நாலைந்து நாள் புழு, அப்புறம் நாலைந்து நாள் கூட்டுப்புழு. ஏறக்குறைய பத்தாம் நாள் பறந்துவிடும்.

இந்தக் கணக்கை வைத்துப் பாருங்கள். நீங்கள் வாங்கி மூன்றாம் நாள் பறப்பது உங்கள் வீட்டில் அந்தப் பழத்தில் இட்ட முட்டையிலிருந்து வந்திருக்க முடியாது. வேறு எங்கேயோ ஏற்கெனவே குடியிருந்து, வாசனை கிடைத்ததும் வந்து உட்கார்ந்திருக்கிறது. பழத்தை விட்டுவிட்டு அந்த இடத்தை முதலில் தேடுங்கள்.

பழத்துக்கு: பழைய வேட்டித் துண்டால் ஈரம் போகத் துடைத்து ஓலைப்பெட்டியில் வையுங்கள். கல்லிடைக்குறிச்சியில் எங்கள் ஆச்சி வீட்டில் எல்லாப் பழமும் ஓலைப்பெட்டியில்தான் இருக்கும். காற்றும் போகும், வியர்க்கவும் செய்யாது. பாளையங்கோட்டையில் இப்போது நானும் அப்படித்தான் வைத்திருக்கிறேன்.

ஜூன் 20

ஒன்று விட்டுப்போயிற்று. தக்காளியையும் வாழைப்பழத்தையும் ஒரே பெட்டியில் போடாதீர்கள். வாழை, மா, பப்பாளி, தக்காளி எல்லாமே பழுக்கும்போது எத்திலீன் என்ற வாயுவை விடும். ஒன்று பழுத்தால் பக்கத்தில் இருப்பதையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போகும். ஒரே நாளில் எல்லாம் கனிந்தால் எப்படித் தின்று தீர்ப்பது? மிஞ்சுவதுதான் நையும்.

தக்காளியின் காம்பு இருந்த குழி கீழே பார்க்கத் துணி மேல் கவிழ்த்து வையுங்கள். அந்தக் குழி வழியாகத்தான் அதன் ஈரம் போகிறது, கெடுவதும் பெரும்பாலும் அங்கேதான் தொடங்குகிறது.

ஜூன் 24

கடையநல்லூரிலிருந்து ஒருவர் எழுதியிருக்கிறார்: “தானாக உண்டாகாது என்கிறீர்கள். நேற்று அறுத்த மாம்பழத்தில் தோலில் ஒரு ஓட்டைகூட இல்லை. உள்ளே வெள்ளைப் புழு நெளிகிறது. அது எப்படிப் போயிற்று?”

நல்ல கேள்வி. பதில் சொல்லுமுன் ஒன்றைப் பிரிக்க வேண்டும். பழ ஈ என்ற ஒரே பேரில் நாம் இரண்டு வேறு பூச்சிகளைக் கூப்பிடுகிறோம்.

அடுக்களையில் பறக்கும் சின்னக் கொசு டிரோசோபிலா. இரண்டரை, மூன்று மில்லிமீட்டர், சிவப்புக் கண். இந்த வகைக்கு நல்ல பழத்தின் தோலைத் துளைக்கத் திராணி கிடையாது. வெடித்த இடம், அடிபட்ட இடம், காம்பு நைந்த இடம் பார்த்துத்தான் முட்டை இடும்.

மாம்பழத்துக்குள் புழு வைப்பது தோப்பில் இருக்கும் பாக்ட்ரோசெரா. ஏறக்குறைய வீட்டு ஈ அளவு இருக்கும், பார்த்தால் குளவியோ என்று தோன்றும். பெண் ஈயின் வால் நுனியில் ஊசி போன்ற உறுப்பு உண்டு. காய் மரத்தில் இருக்கும்போதே குத்தி உள்ளே முட்டையை வைத்துவிடும். குத்திய புள்ளி நாளாக ஆக மூடிப்போகும், அதனால்தான் உங்களுக்கு ஓட்டை தெரியவில்லை. கொய்யாவிலும் இதே கதை. பாகல், புடல், பீர்க்கு இவற்றுக்கு இதன் சொந்தக்கார ஈ ஒன்று தனியாக இருக்கிறது.

இது சின்ன விஷயம் இல்லை. இந்த ஈயின் புழு போன்றவை சரக்கில் திரும்பத் திரும்ப அகப்பட்டதால்தான் 2014 மே மாதம் ஐரோப்பிய ஒன்றியம் இந்திய மாம்பழத்தோடு கத்தரிக்காய், பாகற்காய், புடலங்காய், சேம்பு இவற்றையும் உள்ளே விடாமல் நிறுத்தியது. மாம்பழத்துக்கு 2015 தொடக்கத்தில்தான் தடை நீங்கியது.

ஆகவே மாம்பழப் புழுவுக்கு வீட்டில் பெட்டியை மாற்றிப் பயன் இல்லை. தோப்பில் பொறி வைக்க வேண்டும். ஆண் ஈயை இழுக்க மெத்தில் யூஜினால் தடவிய கட்டையைப் பொறிக்குள் தொங்கவிடுவார்கள். கீழே விழுந்த காயை அன்றைக்கே பொறுக்கிப் புதைக்கவும் வேண்டும். வீட்டில் நாம் செய்யக்கூடியது ஒன்றுதான்: புழு கண்ட பழத்தைக் குப்பைக்கூடையில் எறியாமல் பாலித்தீன் பையில் இறுகக் கட்டி, ஒரு பகல் முழுக்க நல்ல வெயிலில் போட்டுவிட்டு அப்புறம் எறிவது.

ஜூன் 29

ஓலைப்பெட்டியைப் பற்றி ஜூன் 19 இரவு எழுதியதைத் திருத்துகிறேன். இதைப் படித்துவிட்டு யாராவது பெட்டி வாங்கியிருந்தால் கட்டாயம் படியுங்கள்.

எங்கள் வீட்டில் நாலு நாளாகக் கொசு கூடிவிட்டது. பழத்தைத் துடைத்துத்தான் வைக்கிறேன், ஒன்றும் நையவும் இல்லை. பெட்டியைக் கவிழ்த்துத் தட்டினேன், ஒன்றும் விழவில்லை. மனைவிதான் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, “இது என்ன, சீரகம் மாதிரி ஒட்டியிருக்கு?” என்றாள். ஓலையும் ஓலையும் பின்னும் இடுக்கில் பழுப்பு நிறத்தில், மூன்று மில்லிமீட்டர் நீளத்தில், வரிசையாகக் கூட்டுப்புழுக்கள். எண்ணியதில் நாற்பதுக்கு மேல்.

புழு பெருத்ததும் ஈரமான பழத்தை விட்டு நகர்ந்து காய்ந்த இடம் தேடிப் போய்க் கூடாகும். பின்னல் இடுக்கைவிடத் தோதான இடம் அதற்கு ஏது? எப்போதோ ஒரு பழம் கசிந்திருக்கிறது. பழத்தை எறிந்தோம், பெட்டியைத் துடைத்தோம், இடுக்கைப் பார்க்கவில்லை.

அம்மாவிடம் சொன்னேன். “ஆச்சி வாரத்துக்கு ஒருக்க பெட்டியை மச்சுல வெயில்ல கவுத்திப் போடுவா. நீ எடுத்துட்டு வந்த நாள்லேருந்து அது அடுக்களைய விட்டு நகரவே இல்லையே” என்றாள். பெட்டியை மட்டும் எடுத்துக்கொண்டு வந்தேன், அதை வெயிலில் போடும் பழக்கத்தை ஆச்சி வீட்டிலேயே விட்டுவிட்டு வந்திருக்கிறேன். இதை நினைத்து இரண்டு நாளாக மனசுக்குச் சங்கடமாக இருக்கிறது.

பெட்டியை வாரியல் குச்சியால் இடுக்கு இடுக்காகச் சுரண்டி, கொதிக்கும் தண்ணீர் ஊற்றி, இரண்டு நாள் மச்சில் காயப் போட்டிருக்கிறேன்.

ஜூலை 2

இதற்கிடையில் பறக்கிறவற்றைப் பிடிக்கப் பொறி வைத்தேன். மூன்று கண்ணாடி தம்ளர்.

ஒன்றில் கடையில் கிடைக்கும் வெள்ளை வினிகர். இன்னொன்றில் கருப்பட்டித் தண்ணீர், அதில் கனிந்த கோழிக்கூட்டு வாழைப்பழத்துண்டு ஒன்று பிசைந்து போட்டு இரண்டு நாள் புளிக்க விட்டது. மூன்றாவதில் புளித்த தோசை மாவு, தண்ணீர் விட்டுக் கரைத்தது. மூன்றிலும் பாத்திரம் தேய்க்கும் திரவ சோப்பு இரண்டு மூன்று சொட்டு. சோப்பு இல்லாவிட்டால் கொசு தண்ணீர் மேலேயே நின்றுவிட்டுத் திரும்பிப் பறந்துவிடும். சோப்பு விட்டால் நீரின் மேல் பரப்பு தாங்காது, உட்கார்ந்ததும் மூழ்கும். தம்ளர் வாயில் காகிதத்தைப் புனல் மாதிரிச் சுருட்டிச் செருகினேன்.

மறுநாள் காலை கருப்பட்டித் தம்ளரில் 31. தோசை மாவில் 12. வெள்ளை வினிகரில் 4.

வெள்ளை வினிகரில் அசெட்டிக் அமிலத்தின் நெடி மட்டும்தான் இருக்கிறது. பழம் புளிக்கும்போது கூடவே வரும் மற்ற வாசனைகள் அதில் இல்லை. கருப்பட்டியும் பழமும் சேர்ந்து ஊறினால் எல்லாம் இருக்கும். பனங்காட்டுப் பக்கம் வளர்ந்தவர்களுக்கு இதைச் சொல்லவே வேண்டாம். பதனீர்க் கலயத்தில் சுண்ணாம்பு தடவாமல் விட்டால் விடிவதற்குள் புளித்து என்னவெல்லாம் மொய்க்கும் என்று பார்த்திருப்பீர்கள்.

ஒரு எச்சரிக்கை. பொறித் தம்ளரை நாலு நாளைக்கு ஒரு முறை கொட்டிக் கழுவுங்கள். சோப்பு நுரை போனபின் அதே தம்ளர் கொசு வளரும் தொட்டியாக மாறிவிடும். பத்து நாள் கணக்கு நினைவில் இருக்கட்டும். இன்று பறப்பதைப் பிடித்தாலும் கூட்டில் இருப்பது வரிசையாக வந்துகொண்டே இருக்கும். இரண்டு வாரம் பொறி இருக்க வேண்டும்.

ஜூலை 5

கொசுவலைத் துணியால் மூடினால் போதுமா என்று கேட்டவருக்கு: போதாது. நானும் அப்படித்தான் மூடிப் பார்த்தேன், கண்ணெதிரே கண்ணி வழியாக நுழைந்தது. வேட்டித் துணி அல்லது மல்துணி வேண்டும். விளிம்பில் நாடா கட்ட வேண்டும்.

ஜூலை 16

இரண்டு வாரமாக ஒரு சோதனை செய்தேன், முடிவு வந்துவிட்டது. இதுவும் என் முதல் நாள் பதிலைத் தொடுகிறது.

பாளை மார்க்கெட்டில் கனிந்த நாட்டுப்பழம் ஒரு சீப்பு வாங்கினேன். வீட்டுக்குள் கொண்டுவராமல் திண்ணையிலேயே இரண்டாகப் பிய்த்து, ஒரு பாதியை மண்பானையில் போட்டு வாயை இரட்டை மல்துணியால் இறுகக் கட்டினேன். மற்ற பாதியை அடுக்களையில் திறந்து வைத்தேன். திறந்து வைத்ததில் மறுநாளே கொசு வந்தது. அது எதிர்பார்த்தது. கட்டிய பானையை எட்டாம் நாள் அவிழ்த்தால் உள்ளே ஏழெட்டுக் கொசு.

அப்படியானால் முட்டை கடையிலிருந்தே வந்திருக்கிறது. முதல் நாள் நான் “வேறு எங்கேயோ குடியிருக்கிறது” என்று அடித்துச் சொன்னேன். அது பாதிதான் சரி. வீட்டில் குடியிருப்பதும் வருகிறது, கனிந்த பழத்தோடு முட்டையாகவும் வருகிறது. கடையில் சில நாள் கிடந்த பழம் என்றால் உள்ளே புழு நாலு நாள் வளர்ந்தே இருக்கலாம். பானைக்குள் எட்டாம் நாள் பறப்பது அப்படிப் பார்த்தால் கணக்குக்கு ஒத்து வருகிறது. மூன்றாம் நாளே பறப்பது பெரும்பாலும் வீட்டில் குடியிருந்ததுதான்.

1668-ல் இத்தாலியில் பிரான்செஸ்கோ ரெடி இறைச்சியில் செய்து காட்டியதும் இப்படித்தான். திறந்த குடுவையில் புழு வைத்தது, மெல்லிய துணி கட்டியதில் வைக்கவில்லை. புழு தானாக உண்டாகிறது என்று அதுவரை நம்பியவர்களுக்கு அது பெரிய அடி. வீரவநல்லூர்க்காரர் கேட்டது முன்னூற்றைம்பது வருஷத்துக்கு முன்னால் பெரிய பெரிய படிப்பாளிகள் எல்லாம் கேட்டுக்கொண்டிருந்த கேள்வி.

ஜூலை 30

சோதனையின் மறுபாதி. களக்காட்டில் சித்தப்பா வயலிலிருந்து ஒரு ஏத்தன் வாழைத் தார் வந்தது, நல்ல விளைந்த காய். ஒரு இடத்திலும் கீறல் இல்லை. நடையில் உத்தரத்துக் கொக்கியில் கயிறு போட்டுத் தொங்கவிட்டு, பழைய வேட்டியை முழுக்கச் சுற்றி அடியில் முடிச்சுப் போட்டேன். காய் பச்சையாக இருக்கும்போதே மூடினேன் என்பதைக் கவனியுங்கள். மேல் சீப்பிலிருந்து மஞ்சளாகிக்கொண்டே வந்தது. பழுத்த சீப்பை மட்டும் அறுத்துக்கொண்டு மறுபடி கட்டிவிடுவேன். பதிமூன்று நாள் ஓடியது. ஒரு கொசு இல்லை.

பெட்டிக்கடையில் தாரை ஏன் தொங்கவிடுகிறார்கள் என்று இதுவரை யோசித்ததில்லை. தரையில் வைத்தால் பழத்தின் பாரம் பழத்தின் மேலேயே இறங்கும். அமுங்கின இடம் கறுக்கும், கறுத்த இடம் முதலில் புளிக்கும்.

சித்தப்பா போனில், “மூட்டம் போடாம தானாப் பழுக்க விட்டியா? அப்ப ருசியே வேறயாருக்கும்லே” என்றார். இருந்தது.

ஆக, வீரவநல்லூர்க்காரருக்கு இப்போது நான் சொல்லும் பதில்: அம்மாவுக்குத் தினம் ஒரு பழம்தானே? கனிந்த சீப்பு வாங்காதீர்கள். இன்னும் பச்சை மாறாத சீப்பாகக் கேட்டு வாங்கி, தொங்கவிட்டு, துணி சுற்றிப் பழுக்க வையுங்கள். ஃப்ரிட்ஜில் கறுப்பது கெட்டுப்போனதாக ஆகாது. 13 டிகிரிக்குக் கீழே வாழைத் தோலுக்குக் குளிர் தாங்காது, அவ்வளவுதான். நன்றாகப் பழுத்தபின் வைத்தால் தோல் கறுத்தாலும் உள்ளே பழம் நன்றாக இருக்கும். காயாக வைத்தால் மட்டும் பிறகு ஒழுங்காகப் பழுக்காது.

ஆகஸ்ட் 13

பெட்டி வெயிலில், பழம் துணியில், பொறி வைத்தாயிற்று. அப்படியும் எங்கள் அடுக்களையில் தினம் பத்துப் பதினைந்து பறந்துகொண்டே இருந்தது. எனக்குத் தூக்கமே சரியாக இல்லை என்றால் நம்புங்கள்.

முதலில் அங்கணக்குழி என்று நினைத்தேன். பாலித்தீன் பையின் உள்பக்கம் எண்ணெய் தடவி ராத்திரி குழி வாயில் கவிழ்த்து ஓரத்தில் ஈரத்துணி வைத்து அடைத்தேன். காலையில் நாலு பூச்சி ஒட்டியிருந்தது. பழக்கொசு இல்லை. சாம்பல் நிறத்தில், இறக்கை முழுக்க ரோமம், சின்ன விட்டில் மாதிரி. அது சாக்கடை ஈ, வேறு ஜாதி. அதற்குக் குழாயின் உள்சுவரில் படிந்த வழவழப்பைப் பிரஷ் போட்டுத் தேய்க்க வேண்டும், வெந்நீர் மட்டும் ஊற்றினால் இரண்டு நாளில் திரும்பிவிடும்.

பூந்தொட்டி ஈரமண்ணில் கறுப்பாக ஒன்று பறக்கும், அதுவும் இது இல்லை.

கடைசியில் அகப்பட்டது கிரைண்டரில். மாவு ஆட்டியதும் கல்லையும் தொட்டியையும் கழுவுகிறோம். தொட்டி உட்காரும் வளையத்துக்குக் கீழே வழிந்த மாவு யாருக்கும் தெரியாமல் புளித்துக்கொண்டு இருந்திருக்கிறது. தொட்டியைத் தூக்கிய உடனே ஒரு கூட்டம் முகத்தில் மோதியது. கீழே மாவுப் படலத்தில் புழு.

வாரம் இரண்டு முறை மாவு ஆட்டும் வீடு நம் வீடுகள். பழத்தை நாம் குற்றம் சொல்லிக்கொண்டு இருக்கிறோம். தயவுசெய்து இன்றைக்கே உங்கள் கிரைண்டரைத் தூக்கிப் பாருங்கள்.

ஆகஸ்ட் 15

தூக்கிப் பார்த்தவர்கள் ஆறு பேர் எழுதியிருக்கிறார்கள். நாலு பேருக்கு அங்கேதான். ஒருவருக்குப் படிக்கு அடியில் பல்லாரிச் சாக்கின் அடிமட்டத்தில் ஒரே ஒரு வெங்காயம் நீர்விட்டுக் கிடந்ததாம். சேரன்மகாதேவியிலிருந்து எழுதிய அக்காவுக்கு சாமி மாடத்தில், படத்துக்குப் பின்னால் விழுந்து போன வெற்றிலை பாக்குப் பழம்.

பல்லாரியையும் உள்ளியையும் (சின்ன வெங்காயம்) சாக்கிலேயே வைக்காதீர்கள். சுளவிலோ (முறம்) தரையிலோ பரப்பி, இரண்டு நாளைக்கு ஒருமுறை கையால் தள்ளிப் பாருங்கள். கண்ணைவிடக் கைக்கு முதலில் தெரியும். உருளைக்கிழங்கு தனியாக, வெளிச்சம் படாத இடத்தில்.

செப்டம்பர் 10

கொசுவா, ஈயா என்று ஒரு சர்ச்சை ஓடுகிறது. ஈதான். ஆனால் எங்கள் பக்கம் யாரும் அதை ஈ என்று சொல்லிக் கேட்டதில்லை, பழக்கொசு என்றால்தான் புரியும். அதனால் அப்படியே எழுதுகிறேன்.

தங்கை மகள் விலங்கியல் படிக்கிறாள். விடுமுறைக்கு வந்தவளிடம் பொறித் தம்ளரைக் காட்டினேன். “மாமா, இத வளர்க்கத்தான் நாங்க ஆய்வகத்துல அவ்வளவு பாடுபடுறோம்” என்றாள். அமெரிக்காவில் மார்கன் என்பவர் 1910-ல் சிவப்புக் கண் கொசுக்களுக்கு நடுவே வெள்ளைக் கண்ணோடு ஒன்றைப் பார்த்து, அதிலிருந்து மரபணு குரோமோசோமில் இருக்கிறது என்று நிறுவினாராம். 1933-ல் நோபல் பரிசு. பால் பாட்டிலில் வாழைப்பழம் பிசைந்து போட்டுத்தான் வளர்த்தார்களாம்.

அவள் சொன்னதில் நமக்கு வேலைக்கு ஆகும் விஷயம் ஒன்று உண்டு. விடியலிலும் பொழுது சாயும்போதும்தான் இவை சுறுசுறுப்பாகத் திரியும். நடுப்பகலில் ஒடுங்கிக் கிடக்கும். இதன் உடம்புக் கடிகாரத்தை ஆராய்ந்தவர்களுக்கு 2017-ல் நோபல் கிடைத்தது. ஆகவே பழக்கூடையைத் திறந்து பொறுக்குவது, குப்பையை மாற்றுவது எல்லாம் மத்தியானம் வைத்துக்கொள்ளுங்கள். மாலை ஐந்து மணிக்கு மேல் துணியை அவிழ்க்காதீர்கள். நான் மாற்றிப் பார்த்தேன், வித்தியாசம் தெரிகிறது.

அக்டோபர் 29

ஆயுத பூசை முடிந்து ஆறு நாள். வீடு நிறையப் பழம், பொரி, உடைத்த தேங்காய். கடைப்பக்கம் எல்லாம் கொசு. எங்கள் வீட்டில் உடைத்த தேங்காயை அன்றைக்கே துருவி எடுத்துவிட்டோம், மாடத்துப் பழத்தை மறுநாள் காலையிலேயே விநியோகம் செய்துவிட்டோம். தேங்காய்த் தண்ணீர் சிந்திய இடத்தை மறக்காமல் துடைக்க வேண்டும், அதில் இனிப்பு உண்டு.

இன்னொன்று கவனித்தேன். சித்திரை, வைகாசியில் வீட்டில் மாம்பழம் குவிந்து கிடக்கும், கொசு அவ்வளவாக இராது. ஆனியில் குற்றாலத்தில் சாரல் விழுந்து இங்கே காற்று குளிர்ந்ததும் கிளம்பும். ஐப்பசி மழையில் மறுபடி. முப்பது டிகிரிக்கு மேல் இதற்கு ஒத்துக்கொள்ளாது, ஆண் கொசு மலடாகிவிடும் என்று தங்கை மகள் சொன்னாள். நம் கத்திரி வெயில் செய்யும் ஒரே உபகாரம் இதுதான் போல. ஆகவே கவனமாக இருக்க வேண்டிய மாதம் பழம் மலிந்த மாதம் அல்ல, ஈரம் ஏறிய மாதம்.

கடையத்து மதினி ஒரு பை எலுமிச்சை கொடுத்துவிட்டாள். துடைத்து, தேங்காய் எண்ணெய் தொட்ட விரலால் லேசாகப் பூசி, ஒன்றோடு ஒன்று ஒட்டாமல் மண்சட்டியில் வைத்திருக்கிறேன். எலுமிச்சை பறித்தபின் பழுப்பதில்லை, காயத்தான் செய்யும். அடிபட்டதை மட்டும் பிரித்து அன்றைக்கே ஊறுகாய்க்கு நறுக்கிவிட்டோம்.

டிசம்பர் 24

எழுத இத்தனை நாள் ஆயிற்று. 17, 18 தேதிகளில் பெய்த மழை எல்லோருக்கும் தெரியும். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர். தாமிரபரணி கரை தாண்டியது. எங்கள் தெருவில் முழங்காலுக்கு மேல் தண்ணீர், இரண்டரை நாள் மின்சாரம் இல்லை. உயிருக்கும் உடைமைக்கும் இழப்பு பட்டவர்களுக்கு முன்னால் பழம், காய் பற்றிப் பேசவே கூச்சமாக இருக்கிறது. ஆனாலும் மூன்று பேர் கேட்டதால் எழுதுகிறேன்.

ஃப்ரிட்ஜ் நின்ற முதல் ராத்திரியே மாவைத் தோசையாகச் சுட்டு மாடி வீட்டுக்காரர்களோடு சேர்ந்து தின்று தீர்த்தோம். அறுத்த பப்பாளியை அன்றைக்கே. மறுநாள் ஃப்ரிட்ஜைத் துடைத்துக் கதவைத் திறந்து போட்டுவிட்டோம். மூடிய ஃப்ரிட்ஜில் குளிர் போனபின் ஈரமும் இருட்டும் மட்டும்தான் இருக்கும். அதுவரை முட்டை இருந்தாலும் பொரியாமல் குளிர் தடுத்துக்கொண்டு இருந்தது. அந்தக் காவல் போய்விட்டது.

தொங்கிக்கொண்டிருந்த தாருக்கு ஒன்றும் ஆகவில்லை. மூன்று நாள் அம்மாவுக்கும் பக்கத்து வீட்டுக் குழந்தைகள் இரண்டுக்கும் அதுதான் சாப்பாடு. தரையில் பரப்பிய உள்ளி எல்லாம் போயிற்று. வெள்ளத் தண்ணீர் தொட்டதைக் கழுவி வைத்துக்கொள்ள ஆசை வரும், வேண்டாம். சாக்கடையும் கலந்த தண்ணீர் அது. எறிந்துவிட்டோம்.

நாலாம் நாள் தண்ணீர் வடிந்ததும் தெரு முழுக்க நனைந்த அரிசி, காய், பழம். அதன் நாற்றம் அப்புறம் கொசு. இந்தத் தடவை வெளியிலிருந்து வந்தது, உள்ளே எதைச் செய்தும் நிற்கவில்லை. தெருவில் பத்துப் பேர் சேர்ந்து குழி வெட்டி எல்லாவற்றையும் கூட்டித் தள்ளி மண் போட்டோம். புதைத்த பின்புதான் கொஞ்சம் கொஞ்சமாக அடங்கிக்கொண்டு வருகிறது.

ஜனவரி 13, 2024

பாவூர்சத்திரத்துச் சிறுகிழங்கு வந்துவிட்டது. கழுவ வேண்டாம், மண்ணோடு அப்படியே நிழலில் பரப்புங்கள். கழுவினால் இரண்டு நாளில் நையும். சமைக்கிற அன்றைக்குச் சாக்கில் போட்டுத் தேய்த்தால் மண்ணும் தோலும் சேர்ந்து போய்விடும்.

ஜனவரி 18

வீரவநல்லூர்க்காரர் எழுதியிருக்கிறார். வீட்டில் வெள்ளம் ஏறவில்லையாம். நடையில் கொக்கி அடித்து நாட்டுப்பழத் தார் தொங்கவிட்டு அம்மாவின் பழைய சேலையைச் சுற்றியிருக்கிறார். பொங்கல் அன்று ராத்திரியும் அம்மா ஒரு பழம் சாப்பிட்டுத்தான் படுத்தார்களாம். கிரைண்டரை இன்னும் தூக்கிப் பார்க்கவில்லை என்றும் எழுதியிருக்கிறார். தூக்கிப் பாருங்கள்.

பனங்கிழங்கு மிஞ்சிக் கிடக்கிறது, எப்படி வைப்பது என்று கேட்டிருக்கிறார். அவித்ததை நாரும் நரம்பும் உரித்து, ஒடித்து, சுளவில் போட்டு நாலு நாள் வெயிலில் சுக்காகக் காயவையுங்கள். இடித்து மாவாக்கினால் மாதக்கணக்கில் இருக்கும். அவிக்காததை மண்ணிலேயே புதைத்து வைத்து, வேண்டும்போது தோண்டிக்கொள்ளுங்கள்.